உடனே கழற்றவும்

மார்ச் 4, செவ்வாய்
பல்செட் செய்யும் புது இடத்தில் மூன்றாவது வாரம். மெழுகில் கீழ்வரிசை அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைவாய்ப்பல் ஒன்று என் மாமியாரைப் போல அடம்பிடித்து, கடைசியில் உட்கார்ந்தது. "கை நல்லா இருக்கு" என்றார் இடத்தை நடத்தும் மேடம். ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை. இந்த வேலை நிலைக்க வேண்டும்.

மார்ச் 6
"நாளைலேருந்து வர வேணாம்மா."

மேடம் என்னைப் பார்க்கவில்லை; மேசையிலிருந்த பிளாஸ்டர் அச்சைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்றேன். "ரெண்டு வருஷம் வேற எங்கயும் வேலை செய்ய மாட்டேன்னு பழைய இடத்துல கையெழுத்து போட்டிருக்கியாமே. உன்னை வச்சிருந்தா என் மேல கேஸ் போடுவேங்கிறாரு அந்த முதலாளி. எனக்கு வம்பு வேணாம்."

நானா? எப்போ போட்டேன்? கூசாம புளுகியிருக்கான் மனுஷன். பதினோரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு அவன்கிட்ட வேலை செஞ்சேனே!

மார்ச் 7
வீட்டுக்காரர் சொல்கிறார், "விட்டுத் தள்ளு, வேற இடமா இல்ல?" இருக்கிறது. அங்கேயும் போன் பண்ண மாட்டான் என்று யார் கண்டது? விடப்போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு
நாத்தனார் வக்கீல். என் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள். விலகுவதென்றால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் — சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டு வருடப் பேச்சே அதில் இல்லை.

"அண்ணி, நீங்க அங்க வேலை செய்றது தெரிஞ்சே பொய் சொல்லி, அதனாலயே வேலை போச்சுன்னா, அவர் மேல கேஸ் போடலாம். ஆனா சொன்னார்ங்கிறதுக்கு ஆதாரம்?"

ஆதாரம். வாயால் சொன்னதை எதில் பிடித்துக் காட்டுவது?

மார்ச் 10
மேடத்திடம் போனேன். கெஞ்சவில்லை. ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, "நீங்களே படிங்க மேடம்" என்றேன். இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கிவிட்டது. இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "போன்ல சொன்னது போதாதுன்னு இதையும் அனுப்பினாரு."

பழைய இடத்து வேலைச்சீட்டு! செய்து முடித்த பல்செட்டோடு போகுமே, அதே மஞ்சள் சீட்டு.

நோயாளி: என் பெயர்.
குறை: இரண்டு வருட ஒப்பந்தத்தை மீறியவர்.
செய்ய வேண்டியது: உடனே கழற்றவும்.

கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. சிரித்துவிட்டேன், அழுகையும் வந்தது. சீட்டு எழுதி முத்திரை குத்தாமல் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று எங்களைத் திட்டியே பழகிய மனுஷன். பொய்யையும் அப்படியே அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 13
நாத்தனார் எழுதிய வக்கீல் நோட்டீஸ் பழைய முதலாளிக்குப் போய்விட்டது.

மார்ச் 19
அவரே வீட்டுக்கு வந்தார். "நீ போனதும் பல்செட் செய்யக் குடுக்கிற டாக்டருங்கள்ல பாதி பேர் உன் பின்னாடியே போயிட்டாங்கம்மா. ஆத்திரத்துல எழுதிட்டேன். பேசாம திரும்பி வந்துடு."

"வர மாட்டேன் சார். நீங்க சொன்னது பொய்னு மேடத்துக்கு எழுதிக் குடுங்க."

"போன்ல சொல்லிடறேனே."

"எழுதித்தான் குடுக்கணும். முத்திரையோட."

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்
மேடம் போன் பண்ணி வரச் சொன்னார். எட்டரைக்கெல்லாம் ஜன்னலோர மேசையில். மேடம் ஒரு மஞ்சள் சீட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

குறை: இல்லை. நான் சொன்னது பொய்.
செய்ய வேண்டியது: அதே இடத்தில் பொருத்தவும்.

முத்திரை கொஞ்சம் கோணல். மேல்வரிசை ஒன்று காத்திருந்தது. மெழுகைச் சூடாக்கினேன்.