விசையை மாற்றச் சொன்னது யார்?

உங்களுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை.

தேர்வுப் போட்டிக்கு முதல் நாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் துப்பாக்கியின் விசையை மாற்றியிருக்கிறீர்கள். எனக்குப் பழக்கம் இரண்டு கட்ட விசை. பாதி தூரம் இழுத்ததும் விரல் ஓரிடத்தில் தட்டி நிற்கும். அங்கே நின்று குறியைச் சரிபார்த்த பிறகுதான் சுடுவேன். உங்களுக்குப் பிடித்த ஒரே கட்ட விசையில் அந்த நிறுத்தமே கிடையாது, அழுத்தினால் வெடித்துவிடும்.

வெடித்தது. நல்லவேளை, அது கணக்கில் வராத பயிற்சிக் குண்டு. குறி அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கையைத் தூக்கிப் பயிற்சியாளரைக் கூப்பிட்டேன்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா நேத்து வந்து மாத்திட்டுப் போனார். நீங்களே கேட்டதா சொன்னாரே?"

"நான் வாயே திறக்கல சார். பழசையே போட்டுக் குடுங்க."

எல்லாரும் சுட்டுக்கொண்டிருக்க, நான் திருப்புளிக்காகக் காத்து நின்றேன். மிச்ச நேரத்தில் அடித்துப் பிடித்துச் சுட்டு, அணிக்குத் தேர்வானவர்களில் கடைசி ஆளாக உள்ளே வந்தேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். மாலையில் அம்மா போனில் சொல்கிறாள்: "மாப்பிள்ளை விசைய மாத்திக் குடுத்ததாலதான் ஜெயிச்சியாமே? அவரே சொன்னாரு. இவ ரொம்ப யோசிக்கிறா அத்தை, அதான் மாத்தினேன்னாரு."

எத்தனை பேரிடம் இப்படிச் சொன்னீர்களோ, அத்தனை பேரிடமும் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் விசை இந்தப் பார்சலில் இருக்கிறது. அணியின் பயிற்சி முகாமுக்கு அக்கா வீட்டிலிருந்தே போய்க்கொள்கிறேன். அழைத்துப் போக வர வேண்டாம்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி