பணம் கேட்டு வந்த போன்

என் வீட்டுக்காரிக்கு, ராணுவ முகாமிலிருந்து அன்புடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்காரர் உன் ஜெராக்ஸ் கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாரே, அவரை அனுப்பியது நான்தான். பயப்படாதே, முடிந்துபோன கதை. அன்று எவனோ போன் செய்து, "உங்க வீட்டம்மாவுக்கு அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டணும், உடனே அனுப்புங்க" என்றான். உன் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னான். அவசரத்துக்கென்று சேர்த்த பணத்தை அப்படியே அனுப்பப் போனேன். எங்கள் லாரி டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல வீட்டுக்குப் பேசுப்பா."

நீ எடுக்கவே இல்லை. கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபடி போன் அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் பக்கத்து மருந்துக்கடை நினைவுக்கு வந்து, அவருக்குப் போன் செய்தேன். அவர் பார்த்துவிட்டு வந்து, "அக்கா சில்லறைக்காக யார்கூடவோ சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க" என்றார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி என் பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும், என் குரலைக் கேட்காமல் அனுப்பாதே. பேசுவது நான்தானா என்று பார்க்க, நமக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்று வைத்துக்கொள்வோம். நீயே யோசித்து எழுது. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் போடாதே. ஒன்றில் எவனாவது கை வைத்தாலும் மற்றது மிஞ்சும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையை மூடும்போது தினமும் ஒரு தடவை போன் செய். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டால் போதும்.

விசில் ஊதுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்னவன்