ஆவடியில் கிளம்பிய விண்கப்பல்

அண்ணே,

உங்கள் ஹெட்செட்டை இன்று காலை துடைத்தேன். காதில் படும் பஞ்சு உறையில் இன்னும் கூலண்ட் எண்ணெய் வாசனை இருக்கிறது. நாள் முழுக்க மெஷினில் நின்றுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து இதை மாட்டிக்கொள்வீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணி இதை என்னிடம் கொடுத்தார். "உன்னாண்டயே இருக்கட்டும்மா. இங்க இருந்தா நா அழுதுகினேதான் கெடப்பேன்" என்றார். நான் அழவில்லை. இறுதிப் போட்டிக்கு ஐந்தே நாள்தான் இருந்தது.

நம்மைச் சேர்த்துவைத்ததே ஒரு ரயில் ஹார்ன்தான். நாம் கம்ப்யூட்டரில் ஆடிய அந்தப் பந்தய விளையாட்டில் ஒரு விண்கப்பலுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும். பின் இருக்கையில் இருப்பவர் வரைபடத்தையும் எஞ்சின் சூட்டையும் பார்த்து, பாதையின் எந்த வளையத்தில் வேகத்தைக் குறைக்கலாம், எதில் கூடாது என்று சொல்ல வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியும், சொல்ல ஆள் இல்லை. தமிழ் பேசுகிற யாராவது வாருங்கள் என்று விளையாட்டுக்குள் எழுதிப் போட்டேன். வந்தவர் நீங்கள். பேச்சை ஆரம்பிக்கும்போதே என் ஜன்னலில் ரயில் ஹார்ன் கேட்டது. அதே ஹார்ன் உங்கள் மைக்கிலும் கேட்டது.

"இன்னா தங்கச்சி, நீ எங்க கீற?"

"ஆவடிண்ணே, சேக்காடு."

"அட! நானும் சேக்காடுதாம்மா. கெளம்பி ஊட்டுக்கு வா, உங்க அண்ணி காபி போடுவா."

உலகம் முழுக்க ஆடுகிற விளையாட்டில் எனக்குக் கிடைத்த ஜோடி இரண்டு தெரு தள்ளி இருந்தது. திருநெல்வேலியை விட்டு வந்து இரண்டு வருஷமாக, ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவள் நான். அன்றைக்குத்தான் ஆவடியில் எனக்கு ஒரு வீடு கிடைத்தது.

பந்தயப் பாதையில் ஏழு வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். இரண்டு நாள் பார்த்தீர்கள், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு நம் ரயில் பாதையைக் கொண்டுவந்து வைத்தீர்கள். முதல் வளையம் ஆவடி. அப்புறம் அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர். கடைசி வளையம் வில்லிவாக்கம். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் "அண்ணனூர் நிக்கும்" என்பீர்கள். பறக்க வேண்டுமென்றால் "கொரட்டூர் நிக்காது." அவ்வளவுதான் நம் பாஷை. அது வந்த ஒரு மாதத்தில் நமக்கு மேலே இருந்த பாதி அணிகளைக் கீழே தள்ளினோம்.

அதே பாஷைதான் முதல் வருஷ அரையிறுதியில் என்னைக் கவிழ்த்தது. முன்னணியில் இருந்தோம். "அம்பத்தூர் நிக்காது" என்று நீங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே, நாலாவது வளையத்தில் என் கை தானாக வேகத்தைக் குறைத்துவிட்டது. தினமும் காலையில் ஆபீசுக்கு நான் இறங்குகிற ஸ்டேஷன் அது. கைக்கு அது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இரண்டு கப்பல்கள் நம்மைத் தாண்டிப் போயின, தோற்றோம். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் மவுஸைத் தூக்கி எறிந்தேன். நீங்களோ சிரித்தீர்கள்.

"என் கம்பெனி கீறது பட்டரவாக்கத்துல. நீ இன்னாத்துக்கு என்ன அம்பத்தூர்லயே எறக்கி உட்ட?"

அதோடு விட்டீர்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும், ஒரு டப்பா புளிச்சோற்றையும், என்னையும் ரயிலில் ஏற்றினீர்கள். ஆவடிக்கும் வில்லிவாக்கத்துக்குமாக நான்கு தடவை போய் வந்தோம். அம்பத்தூரில் நான் அசையக் கூடாது, அதுதான் பயிற்சி. முதல் தடவை வண்டி நின்றதும் எழுந்தே விட்டேன்! "ஒக்காரும்மா, இன்னிக்கு உனக்கு ஆபீஸ் இல்ல" என்று நீங்கள் அதட்ட, எதிரில் இருந்த பூக்காரம்மா, "பாவம், அந்தப் பொண்ண எறங்க உடுய்யா" என்று உங்களோடு சண்டைக்கு வந்தார். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்காவது தடவை அம்பத்தூர் வந்ததும் போனதும் எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாம் வருஷம் இறுதிப் போட்டிக்கே போனோம். கம்பெனியில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறீர்கள். "எங்க தங்கச்சி ராக்கெட் ஓட்டும்" என்று டீக்கடை வரை சொல்லி வைத்திருந்தீர்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஷிஃப்ட் முடிந்து வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவே இல்லை.

மாற்று ஆள் சேர்க்கலாம் என்றார்கள் போட்டி நடத்துகிறவர்கள். சேர்த்தால் அணிகளின் பட்டியலில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் வரும். இருக்கையைக் காலியாக விட்டால் உங்கள் பெயர் நிற்கும், ஆனால் வழி சொல்ல ஆள் இருக்காது. தனியாக ஓட்டி யாரும் ஜெயித்ததில்லை, வீம்பு பிடிக்காதே என்று ஆளாளுக்கு எழுதினார்கள். என் வீம்பு உங்களுக்குத் தெரியாததா? இருக்கையைக் காலியாக விட்டேன்.

ஞாயிறு மதியம், உங்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கப்பல் கிளம்பியதும் நானே வாய்விட்டுச் சொன்னேன். ஆவடி நிக்காது. அண்ணனூர் நிக்கும். திருமுல்லைவாயில் நிக்காது. "அவரு மாரியே சொல்றியேம்மா" என்று அண்ணி முணுமுணுப்பது கேட்டது. அம்பத்தூர் நிக்காது. கை அசையவில்லை அண்ணே. நான்கு ரயில் பயணம் வீண்போகவில்லை. நல்ல முன்னணியில் இருந்தோம்.

ஐந்தாவது வளையத்தில், உங்கள் கம்பெனி ஸ்டேஷனில், வேகத்தைக் குறைத்தேன். அதைக் கை செய்யவில்லை, தெரிந்து நான்தான் செய்தேன். உங்களை இறக்கிவிட வேண்டியிருந்தது. அண்ணிக்கும் புரிந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஒரு கொரியா ஜோடி நம்மை ஒட்டி வந்துவிட்டது. கொரட்டூரில் அவர்கள் முந்தினார்கள். வில்லிவாக்கத்துக்கு முன்னால் எஞ்சின் சூட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டு விரட்டினேன், நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்கள். மூக்கு நுனி அளவில் ஜெயித்தோம்.

அந்தப் பட்டியலின் உச்சியில் இப்போது நம் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ஐந்தாவது வளையத்தில் எதற்கு வேகம் குறைந்தது என்று எல்லா நாட்டுக்காரர்களும் கேட்டு எழுதுகிறார்கள். நான் யாருக்கும் பதில் போடவில்லை. உங்கள் கம்பெனிக்காரர்கள் அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து உங்கள் மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தினமும் காலையில் அம்பத்தூரில் நான் இறங்கிக்கொள்கிறேன். படியை நோக்கி எல்லோரும் ஓடும்போது நான் மட்டும் வண்டி நகரும்வரை நிற்கிறேன். கிளம்பும்போது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறேன்.

பட்டரவாக்கம் நிக்கும்ணே.