கிளிஞ்சல் இல்லை, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

அங்கேயாவது உன் விரல்கள் வலிக்காமல் இருக்கின்றனவா? ஏரியில் இந்த மார்கழியிலும் இறால் கிடைக்கிறது. உன் மகள் செல்வி, இறால் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, உன்னைப் போலவே சேற்றைத் துழாவுகிறாள்.

உன் விரல் நுனியில் அந்த வெள்ளை முடிச்சு வந்தபோது யாருமே பயப்படவில்லை. கையால் இறால் பிடிக்கிற நமக்குக் கிளிஞ்சல் கிழிக்காத விரல் ஏது? "இன்னாத்துக்குடி டாக்டரு? கிளிஞ்சல் ஏறிக்கினு கீது, அவ்ளோதான்" என்று நீயே சொன்னாய். மாமா ஊக்கைச் சுட்டுக் குத்தினார். சுண்ணாம்பு மாதிரி பொடி வந்தது. கிளிஞ்சல் நொறுங்கி வருகிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. மறுபடி வந்தது, மறுபடி குத்தினார்.

கரைக்கு நடக்கவே மூச்சு வாங்கிய பிறகுதான் சென்னைக்குப் போனோம். அந்த டாக்டரம்மா முதலில் உன் கையைத்தான் பிடித்துப் பார்த்தார். "குளிர்ல விரல் வெளுத்துப் போகுமா?" என்று கேட்டார். எக்ஸ்ரேயில் முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. "முழங்கையிலயுமா கிளிஞ்சல் ஏறும்?" என்றார். நீ என்னைப் பார்த்தாய்.

உன் உடம்பே தோலுக்குள் சேர்த்த கால்சியமாம் அது. தோலை இறுக்குகிற நோய் நுரையீரலையும் பிடித்துவிட்டதாம். "முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நீ கண்ணை மூடிய பிறகும் அந்தப் பாதிப் பேச்சு என்னைத் தூங்க விடுவதில்லை.

நேற்று கரையேறிய செல்வியின் விரல்கள் வெளுத்திருந்தன. நடுவிரல் நுனியில் ஒரு முடிச்சு.

"இன்னா சித்தி இப்டி பாக்குற? கிளிஞ்சல்தான். நைனா எட்த்துடுவாரு" என்று சிரிக்கிறாள். மாமா மகளுக்குக் குத்த ஊக்கோடு உட்கார்ந்திருந்தார். பிடுங்கி எறிந்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் அழுதார்.

அது நிஜமாகவே கிளிஞ்சலாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், ஊரே என்னைப் பைத்தியம் என்று சிரிக்கட்டும். நாளைக் காலை பொன்னேரி பஸ்ஸில் ஏற்றி, சென்னையில் அதே டாக்டரம்மாவிடம் அவளைக் கொண்டுபோகிறேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். மருந்து என்றால் மருந்து, ஏரியை விடு என்றால் ஏரியை விடு.

உனக்குத் தனியாக இருக்கும், தெரியும். ஆனாலும் அவளை உன்னிடம் அனுப்பமாட்டேன், அக்கா.

செல்வியின் சித்தி,
உன் தங்கை வசந்தா