முகங்காணாக் களத்தின் வாயில்

நலம் பெருகுக. முகில் தங்கிச் செல்லும் மாடக்குன்ற நாட்டின் அரசி வெண்பூதி, முத்தும் உப்பும் விளையும் பவழத்துறையின் மன்னரும், எம்மைப் பெற்ற தந்தையாருமாகிய வேலெழினியாரின் திருவடி வணங்கி எழுதுவிக்கும் ஓலை. தங்கள் துறைகளில் காற்று நேராக வீசுக. தங்கள் கலங்கள் நிறைந்து கரை சேர்க.

தாங்கள் விடுத்த ஓலையை அவையில் உரக்கப் படிக்கச் செய்தோம். தங்கள் தங்கை மகன் நன்னாகனை எம் வாயிற்கண்காணி சேந்தி அவமதித்தாள் என்றும், அவளை நீக்காவிட்டால் முகங்காணாக் களத்தை விட்டுப் பவழத்துறை விலகும் என்றும் அதில் கண்டிருந்தது. நடந்தது முழுவதும் தங்கள் செவிக்கு எட்டவில்லை போலும். ஆகவே அதை முறைப்படி வரைகிறோம்.

இவ்வோலை தங்கள் அவையிலும் படிக்கப்படும் ஆதலால், களத்தின் இயல்பையும் சொல்லிவிடுகிறோம். ஆடுவோர் அவரவர் ஊரில் பலகை முன் அமர்கின்றனர். காய் நகர்த்தும் செய்தி, குன்றுக்குக் குன்று கண்ணாடி ஒளியால் செல்கிறது. எதிரில் ஆடுபவர் முகத்தை ஒருவரும் காண்பதில்லை. பெயரும், அவரவர்க்குரிய மறைசொல்லும் மட்டுமே அடையாளம். மறைசொல் சரியென்று கண்டு வாயில் திறப்பவள் சேந்தி.

நன்னாகன், இடைக்குன்றின் கண்ணாடிக்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, எதிராளியின் செய்தியைக் கெடு கடக்கும்வரை தாமதிக்கச் செய்து ஆடினான். அது வெளிப்பட்டதும் சேந்தி அவன் பெயரை நீக்கினாள். அவனோ வேறு பெயரில் வந்தான். அதுவும் நீக்கப்பட்டதும், வறுமைப்பட்ட ஒருவரிடம் மறைசொல்லை விலைக்கு வாங்கி, அவர் பெயரில் நுழைந்தான். சேந்தி எல்லோருடைய மறைசொல்லையும் மாற்றினாள். மாற்றியதையும் அவன் வாங்கினான்.

எம் அமைச்சர்கள், கடற்கரையார் அனைவரையுமே தடுத்துவிடலாம் என்றனர். அதற்குச் சேந்தி சொன்ன மறுமொழியை மாற்றாமல் தருகிறோம்: "ஒருத்தன் களவாடினான்னு ஊரையே வெளிய நிறுத்துனா அது காவல் இல்லீங்க, சோம்பேறித்தனம்." அவை சிரித்தது. அமைச்சர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பின்பு அவள் ஒரு சட்டம் வேண்டினாள்; நாம் அளித்தோம். புதிதாக வருபவருக்கு, களத்தில் நற்பெயர் எடுத்த ஒருவர் தம் முத்திரையிட்டுப் பிணை நிற்க வேண்டும். வந்தவர் தடுக்கப்பட்டவரே என்று தெரிந்தால், பிணை நின்றவருக்கும் ஓர் ஆண்டு வாயில் அடைபடும்.

அதன்பின் ஆழிமுத்தன் என்றொருவன், நெடுங்காலம் கடல் கடந்திருந்து அண்மையில் திரும்பியதாகச் சொல்லி, குறையற்ற பிணையோடு வந்தான். சேந்தி வாயில் திறந்தாள். ஆயினும் அவன் காய் நகர்த்தும் துடுக்கு அவளுக்குப் பழகியதாகத் தோன்றியது. ஆட்டத்தின் நடுவே அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: நன்னாகன் என்றொருவன், போன ஆண்டு இதே களத்தில் ஒரு நெசவுக்காரியிடம் தோற்றான், பார்த்து ஆடுக என்று.

மறுமொழி உடனே மின்னியது: "யார் சொன்னது? அன்னிக்கு மேகம் மூடி ஆட்டமே நின்னு போச்சு. அவன் தோக்கவே இல்ல."

கடல் கடந்திருந்தவனுக்கு அன்று எம் மலைமேல் மூடிய மேகம் எப்படித் தெரியும்? சேந்தியின் கண்ணாடிக்காரன் வேட்டன், "சும்மா இருந்திருந்தா இந்நேரம் ஜெயிச்சிருப்பான்க்கா" என்றானாம். அவள் திருப்பி அனுப்பியது, "வாங்க நன்னாகரே, வந்த வழியே போங்க" என்பது மட்டுமே. தங்கள் ஓலை அவமதிப்பு என்று குறித்தது இதைத்தான்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆழிமுத்தனுக்கு இடப்பட்ட பிணை முத்திரையில் இருந்தது பவழத்துறையின் சுறாமீன். தங்கை மகன்மேல் கொண்ட அன்பால் தாங்கள் இட்டது அது.

சேந்தி அதை முந்தானையில் மறைத்து எம்மிடம் கொண்டுவந்தாள். "நான் இதப் பாக்காத மாதிரி இருந்துடட்டுமாம்மா?" என்று கேட்டாள். நாம், "சட்டத்துல எங்கப்பாவைத் தவிரன்னு எழுதியிருக்கியா?" என்றோம். "இல்லீங்கம்மா." "அப்புறம் என்ன, அடை." அவள் போய் அடைத்தாள். அரசியின் தந்தைக்கும் உழவனுக்கும் ஒரே தாழ்ப்பாள் போடும் கண்காணியைப் பெற்ற நாடு எமது என்று அவையோர் முன் தலைநிமிர்ந்து சொன்னோம்.

ஆகையால் ஆணை இது. சேந்தி பணியில் நீடிப்பாள். நன்னாகனுக்குக் களம் என்றும் இல்லை. தங்களுக்குச் சட்டப்படி ஓர் ஆண்டு, அடுத்த முத்துக்குளிப்புக் காலம்வரை, வாயில் திறவாது. பவழத்துறை மக்கள் எவருக்கும் தடை இல்லை. தாங்கள் விலகினாலும், அவர்கள் பலகைகள் எம் களத்தில் காத்திருக்கும்.

மணமாகி மலையேறிய நாள் முதல், நாளும் காலையில் தங்களோடு ஒரு காய் நகர்த்துவதே தங்கள் குரலைக் கேட்பது போல் எமக்கு இருந்தது. அந்த ஆட்டமும் இதனால் நின்றது. இப்போது நகர்த்தும் முறை தங்களுடையது. பலகையை எவரும் தொடாதபடி எம் அறையில் வைத்துள்ளோம். வாயில் திறக்கும் நாளில் தங்கள் ஒளியை நோக்கிக் கண்ணாடி மேடையில் நாமே நிற்போம்.

இரட்டைக் குன்று பொறித்த இலச்சினை இட்டு, தங்கள் மகள் வெண்பூதி ஆணையால் விடுக்கப்பட்டது. இதன்படியே நடக்க.