ஞாயிற்றுக்கிழமை போணி

சிங்கப்பெருமாள் கோயில்
3 ஜூன் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

பிரதீபா எழுதுகிறேன். உடம்பு சௌக்கியமா? போன் செய்தால் கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாதே!

சைவக்காரர் ராகவனைக் கட்டிக்கொண்ட அன்று, "கருவாட்டு வாசனை ஆவாத வூட்டுக்குப் போறே, இனிமே என் கடைப் பக்கம் வராதே" என்றீர்கள். மூன்று வருஷம் வரவில்லை. போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் வருகிறேன். கோட்டைக் கடைத்தெருவில் நீங்கள் கடை திறந்ததும் முதல் ஆளாக நிற்பேன். போணி பண்ண வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்லித் தந்தது நீங்கள்தான். எப்படித் துரத்துகிறீர்கள், பார்க்கிறேன்.

உங்கள் மகள்
பிரதீபா

சதுரங்கப்பட்டினம்
6 ஜூன்

பிரதீபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கப் போவதில்லை. வீணாக அலையாதே.

கண்ணாயிரம்
கருவாட்டு வியாபாரி

சிங்கப்பெருமாள் கோயில்
10 ஜூன்

அன்புள்ள நைனாவுக்கு,

நேற்று விடியும்போதே வந்துவிட்டேன். படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், கருவாட்டுக்கு இவ்வளவு கிராக்கி. இப்போது போய்க் கடையைப் பூட்டிய ஒரே ஆள் நீங்கள்தான்! டச்சுக் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் உங்கள் பூட்டிய கதவின் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்துக் கடை ஞானம்மாள் அத்தை கூப்பிட்டு இட்லி கொடுத்தாள். "இன்னாடி பாக்குறே? ‘எம் பொண்ணு வந்தா நாஸ்தா வாங்கிக் குடு’ன்னு நேத்தே டப்பு குடுத்துட்டுப் போனாரு உங்க நைனா. நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்றாள்.

சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், நைனா. அடுத்த ஞாயிறும் வருவேன். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன். எத்தனை நாள் பூட்டுவீர்கள்?

பிரதீபா

சதுரங்கப்பட்டினம்
13 ஜூன்

அன்புள்ள பிரதீபாவுக்கு,

ஞானம்மாளிடம் ஒன்று சொன்னால் ஊருக்கே தண்டோரா. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிறேன். எப்போதும் முதலில் வரும் கல்பாக்கம் ஓட்டல்காரரிடம் இன்றே சொல்லிவிட்டேன்: "மொதல்ல எம் பொண்ணு வந்து போணி பண்ணட்டும், அப்பாலதான் உனுக்கு. அதுவரிக்கும் நின்னுகினு இரு." அவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

மாப்பிள்ளையையும் அழைத்து வா. மூக்கைப் பொத்தினால் மட்டும் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

உனக்குப் பிடித்த வஞ்சிரம் எடுத்து வைத்திருக்கிறேன். நீ வரும்வரை யாருக்கும் ஒரு நெத்திலிகூடத் தர மாட்டேன். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு.

உன்
நைனா