கழுத்தில் மண்டை ஓடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

தம்பிக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்துப் பதறாதே. அது நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து மேலாளர் மகளின் கல்யாணம். வெறுங்கழுத்தோடு போகக்கூடாதென்று அறைத்தோழி தன் மாலையை மாட்டிவிட்டாள். கறுப்புக் கல், நடுவில் வெள்ளி மண்டை ஓடு. அவளிடம் இருப்பதெல்லாம் அந்த ரகம்தான். கோட்டும் முத்துமாக நின்ற கூட்டத்தில் நான் மட்டும் மந்திரவாதி வீட்டுப் பெண் மாதிரி இருந்தேன்.

கல்யாணப் பெண்ணின் அம்மா நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கொக்கி முன்னால வந்துடுச்சும்மா" என்று அதைப் பிடரிக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அடுத்த பார்சலில் என் பாசிமாலையை வை. கொக்கி முன்னால் வர வர, நீ பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பாயே, அதுதான். சரிசெய்யாமலே அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்